வெறும் வயித்துல வாங்க

மணி நாலே கால். பஞ்ச ஸ்பிரிட்ல நனைச்சு மேசையைத் துடைக்கேன். துடைச்ச இடத்தையே திரும்பத் திரும்பத் துடைக்கேன்னு எனக்கே தெரியுது, இருந்தாலும் கை நிக்க மாட்டேங்கு. சுகர் பாக்குத மெஷினைப் பைக்குள்ள வச்சாச்சு, குத்தின ஊசியெல்லாம் பிஸ்கட் டப்பாவுல போட்டு மூடியாச்சு, நோட்டு மட்டும் விரிச்சபடி கெடக்கு. அத மூடணும். மூட மனசு வரல. இருபத்தாறு வருசமா ஊர்ல மிஷன் ஆஸ்பத்திரி லேப்ல இருக்கேன், ஒரு நோட்ட மூடுததுக்கு இம்புட்டு யோசிச்சதில்ல. பதினேழாவது வரி. மருதாயி, வயசு ஐம்பத்தெட்டு, மேல் லயம். திங்கக்கிழமை இருநூத்து எண்பத்தாறு. இன்னைக்குத் தொண்ணூத்தாறு. ரெண்டும் என் கையெழுத்து. நடுவுல இன்னொரு நம்பர் இருக்கணும், நாப்பத்தொண்ணு. அத நோட்டுல எழுதல, அவசரத்துல உள்ளங்கையில பேனாவால எழுதிக்கிட்டேன். கை கழுவினதுல ஒண்ணு அழிஞ்சு போச்சு, நாலு மட்டும் தெரியுது. அஞ்சு மணிக்குக் கூட்டம். கூட்டத்துல மருதாயி எழுந்திருச்சு, கர்த்தர் என் சீனி வருத்தத்தச் சொகமாக்கிட்டாருன்னு சாட்சி சொல்லப் போறா. இந்த ஊர்ல சுகரைச் சீனி வருத்தம்னுதான் சொல்லுதாவ. அவளுக்குச் சொகமாகல. அது எனக்குத் தெரியும். சாட்சி சொன்ன கையோட மாத்திரைய நிப்பாட்டிருவா, அதுவும் எனக்குத் தெரியும், வேற யாருக்கும் அந்த யோசனையே ஓடல. முக்கா மணி நேரம் இருக்கு. சொல்லிரணும். யார்கிட்ட, எப்படி, அதுலதான் வந்து நிக்கேன்.

நாங்க ஒம்பது பேரு, திருநெல்வேலிப் பக்கத்துல ஒரே சபை. மதுரையில ஃபிளைட் ஏறிக் கொழும்புல இறங்கி, வேன்ல வளைஞ்சு வளைஞ்சு, வாந்தி எடுத்து, இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேந்தோம். ஏழு நாள் ஊழியம். வெளிநாட்டு ஊழியம்னு ஊர்ல தனியா ஒரு ஆராதனை வச்சு, மாலை போடாத குறையா அனுப்பினாவ. வெளிநாடுன்னுதான் பேரு, வந்து பாத்தா எல்லாரும் தமிழ் பேசுதாவ. எல்லாருக்கும் ஒரே மாதிரி நீலப் பனியன், முதுகுல வசனம். ஐம்பத்தோரு வயசுல சேலைக்கு மேல பனியன் போட மாட்டேன்னு நான் ஒருத்திதான் சண்டை போட்டேன். சண்டை போட வேண்டிய இடத்துல எல்லாம் வாய மூடிக்கிட்டு, பனியனுக்குச் சண்டை போட்டிருக்கேன், பாரேன். எங்க ஒம்பது பேருக்கும் மேல தலைவர் தேவஇரக்கம் ஐயர். எங்க பக்கம் போதகரை ஐயர்னுதான் கூப்பிடுவோம். நல்ல மனுசன், அதுல மாற்றுக் கருத்தே இல்ல. காலையில நாலரைக்கு எழுந்து எங்க எல்லாருக்கும் வெந்நீர் போடுத மனுசன். இந்தக் குளிர்ல எவர் செய்வாரு? எனக்கு அவர்மேல கோவம் இல்ல. இருக்கு. கொஞ்சம் இருக்கு. திங்கக்கிழமை அந்தப் போட்டோவுக்கு மட்டும் கூப்பிடாம இருந்திருந்தாவன்னா. அன்னைக்கு எழுபத்தி மூணு பேருக்குச் சுகர் பாத்தேன், அதுல கூடுதலா இருந்தவங்க இருபத்திரண்டு பேரைத் தனியா நிக்க வச்சு, புதன்கிழமை காலையில வாங்கன்னு சொன்னேன். லேப்ல நான் ஒரு நாளைக்கு நாப்பது தடவை சொல்லுத வாக்கியம் அது, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். வெறும் வயித்துல வாங்க, மாத்திரை போடாம வாங்க, ரத்தம் எடுத்தப்புறம் சாப்பிட்டுட்டு மாத்திரை போடுங்க. மூணு துண்டு. அன்னைக்கு முதல் துண்டு சொல்லி வாய மூடல, ஐயர் வாசல்ல நின்னு, சுகிர்தம், சீக்கிரம் வாம்மா, வெளிச்சம் போகுதுன்னாவ. பேனரைப் பிடிச்சுக்கிட்டு எட்டுப் பேரும் நிக்காவ, எனக்காகக் காத்துக்கிட்டு. நான் போனேன். பேனரோட இடது ஓரத்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். திரும்பி வந்தப்ப அந்த இருபத்திரண்டு பேரும் போயிட்டாவ, பறிச்ச தேயிலைக் கொழுந்த நிறுக்கணும்லா. மிச்ச ரெண்டு துண்டும் என் வாய்க்குள்ளயே கெடந்துச்சு. ராத்திரி சாப்பிடும்போது அந்த ஞாபகம் வந்துச்சு, இந்தத் தோட்டத்துக் கோயில்ல உபதேசியாரா இருக்குத யோவேல்கிட்ட சொல்லி விடணும்னு நினைச்சேன், அப்ப யாரோ அட்டை கடிச்சுருச்சுன்னு கத்தினாவ, எல்லாரும் உப்பத் தேடி ஓடினோம். அதோட மறந்து போச்சு. உப்பு கெடைச்சுது. அது நல்லா ஞாபகம் இருக்கு.

இன்னைக்குக் காலையில ஆறரைக்கே வந்துட்டாவ. பனி இறங்கிக் கோயிலுக்குள்ளயே மூட்டமா இருக்கு, தகரக் கூரையில சொட்டுச் சொட்டா விழுது. தலையில துண்டக் கட்டிக்கிட்டு வரிசையா பெஞ்சுல உக்காந்திருந்தாவ. நான் ஊசிய எடுத்து வச்சு, ஸ்டிரிப் டப்பாவைத் திறந்தேன். ஐயர் வந்து, ஜெபிச்சிட்டு ஆரம்பிப்போம்மான்னாவ. சரின்னேன், ஜெபம்தானே. அதுக்கு முன்ன ஒரு பாட்டுன்னாவ. ஒண்ணு ரெண்டாச்சு. அப்புறம் வேதாகமத்தை விரிச்சாவ. ஏழு, ஏழரை, எட்டு. பெதஸ்தா குளத்துல முப்பத்தெட்டு வருசம் சொகமில்லாமக் கெடந்தவனைப் பத்திப் பேசுதாவ. நல்ல பிரசங்கம்தான், நான் குறை சொல்லல, ஆனா எதுக்க இருக்குத சனம் ராத்திரி எட்டு மணிக்கு ரொட்டி தின்னது, அதுக்கப்புறம் பச்சைத் தண்ணிதான். நான் வாட்சைப் பாக்கேன், ஐயர் பாக்கட்டும்னு கைய நீட்டிப் பாக்கேன். அவரு கண்ண மூடிக்கிட்டுப் பேசுதாவ. எழுந்திருச்சு, ஐயரே, முதல்ல ரத்தத்த எடுத்திருவோம், பிறகு பேசுங்கன்னு சொல்லியிருக்கலாம். ஒரு நிமிச வேலை. பிரசங்கத்துக்கு நடுவுல பொம்பளை எழுந்து ஐயரை நிறுத்துத பழக்கம் எங்க சபையில கெடையாது. எந்தச் சபையில இருக்கு? எட்டே காலுக்கு மூணாவது பெஞ்சுல மருதாயி நெத்தியத் துடைச்சா. இந்தக் குளிர்ல எதுக்கு வேர்க்குதுன்னு நினைச்சேன். நினைச்சேன், அதுதான். நினைச்சிட்டு உக்காந்தே இருந்தேன். பிறகு கை நடுங்கிச்சு, வாய் கோணிச்சு, பெஞ்சோட சரிஞ்சா. சத்தமே இல்ல. பக்கத்துல இருந்தவ சத்தம் போட்டதும்தான் எல்லாரும் திரும்பினாவ.

நான் போகுததுக்குள்ள ஐயர் போயிட்டாவ. தரையில முழங்கால் போட்டு அவ தலையில கைய வச்சு ஜெபிக்காவ, சுத்தி எல்லாரும் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்னு. யாரோ காத்துக் கருப்புன்னாவ. நான் கூட்டத்துக்குள்ள குனிஞ்சு புகுந்து அவ விரலைப் பிடிச்சுக் குத்தினேன். பனிக்கட்டி மாதிரி விரல், பிதுக்கினாத்தான் ரத்தம் வருது. மெஷின் அஞ்சு செகண்டு எண்ணும், அஞ்சு, நாலு, மூணுன்னு. நாப்பத்தொண்ணு. உள்ளங்கையில எழுதிக்கிட்டேன். கடைசி பெஞ்சுல பிளேன்டீக்கு, பால் இல்லாத டீக்கு, சீனி வச்சிருந்தாவ. இங்க டீயில சீனி போட மாட்டாவ, உள்ளங்கையில சீனிய வச்சுக்கிட்டு ஒரு நக்கு, ஒரு மடக்கு. தட்டோட தூக்கிட்டு ஓடி வந்தேன். மயங்கினவ வாயில தண்ணியா ஊத்தினா நெஞ்சுல போயிரும், அதனால விரல நனைச்சுச் சீனியத் தொட்டுக் கன்னத்துக்கு உள்பக்கமாத் தேய்ச்சேன். மறுபடியும் தேய்ச்சேன். பல்லு என் விரல்ல பட்டுது. எனக்கு மேல ஐயரோட கை, அந்தக் கைக்குக் கீழ என் கை, ரெண்டும் ஒரே தலையில. நானும் ஜெபிச்சேன், பொய் சொல்லக் கூடாது. ஆண்டவரே இவளைக் கொன்னுராதேயும்னு ஜெபிச்சேன், இவ செத்தா நான்தான் கொன்னேன்னு ஆயிரும்னு ஜெபிச்சேன். பத்து நிமிசம் இருக்கும். கண்ண முழிச்சா. எழுப்பி உக்கார வச்சு, டீயும் நாலு பிஸ்கட்டும் தின்ன வச்சு, கால் மணி நேரம் கழிச்சு மறுபடியும் குத்தினேன். தொண்ணூத்தாறு. என்னை அறியாம சத்தமாச் சொல்லிட்டேன், தொண்ணூத்தாறுன்னு. அவ உயிர் பொழைச்சுட்டாளேன்னுதான் சொன்னேன், அம்புட்டுதான். ஆனா திங்கக்கிழமை இவங்களுக்கு வகுப்பு எடுத்தவளே நான்தானே. எழுபதுல இருந்து நூத்துப் பத்து வரைக்கும் இருந்தா நல்லது, அதுக்கு மேல போனா வருத்தம்னு சார்ட் போட்டுச் சொல்லிக் குடுத்தேன். நல்லாக் கத்துக்கிட்டாவ. இருநூத்து எண்பத்தாறு தொண்ணூத்தாறு ஆயிருச்சுன்னு முதல்ல சொன்னது உபதேசியார்தான், நோட்ட எட்டிப் பாத்துட்டு. அதுக்கப்புறம் கோயிலே அதிர்ந்து போச்சு. எல்லாரும் அல்லேலூயா சொன்னாவ. நானும் சொன்னேன். அவ உயிரோட இருக்காளேன்னு சொன்னேன். எதுக்குச் சொன்னேன்னு அதுல யாரு பிரிச்சுப் பாக்கா? சத்தம் அடங்கினப்புறம் அவ காதுக்குள்ள கேட்டேன், அக்கா, காலையில மாத்திரை போட்டியளா? போட்டுட்டுத்தானுங்க வந்தேன் மிஸ்ஸி, நீங்க வெறும் வயித்துல வரச் சொன்னீங்க, சோறுதானே திங்கல? மிஸ்ஸின்னா இங்க நர்சு. நான் நர்சு இல்லன்னு மூணு நாளாச் சொல்லிட்டேன், யாரும் கேக்கல.

மேசை காஞ்சு போச்சு. ஸ்பிரிட் வாசனை மட்டும் இருக்கு. இந்த வாசனை வந்தா எனக்குப் பொன்னுதாஸ் அண்ணன் ஞாபகம் வந்துரும், வரக் கூடாதுன்னு வேற எதையாவது நினைப்பேன், இன்னைக்கு வந்தா வரட்டும். மின்வாரியத்துல லைன்மேன் அவன். கம்பம் ஏறுதவன், தொடை ரெண்டும் உரல் மாதிரி இருக்கும். முப்பத்தொம்பது வயசுல சுகர். ரெண்டு வேளை ஊசி. பக்கத்து ஊர் மைதானத்துல மூணு நாள் சுகமளிக்கும் கூட்டம் நடந்துச்சு, கடைசி நாள் மேடையில ஏறி எனக்குச் சுகமாயிட்டுன்னு சாட்சி சொல்லிட்டு வந்தான். ஊசியெல்லாம் குப்பையில போட்டுட்டான். அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கிட்டு அலைஞ்சா. இருபது நாள் கழிச்சு என் லேபுக்கு வந்தான், அம்மாவையும் கூட்டிக்கிட்டு. ஏட்டி சுகிர்தம், சும்மா ஒரு தடவை பாத்துரு, ஆஸ்பத்திரி பேப்பர் இருந்தா நல்லா இருக்கும்லா, சாட்சிக்கு. விரலை நீட்டிக்கிட்டு என் மூஞ்சியப் பாத்தான், பரீட்சை ரிசல்ட்டுக்கு நிக்குதவன் மாதிரி. நானூத்துப் பன்னிரண்டு. ரிஜிஸ்டர்ல நானூத்துப் பன்னிரண்டுன்னுதான் எழுதினேன். அது இன்னும் அங்கதான் இருக்கும், பரண்ல. வாயால, இருநூத்துப் பத்து அண்ணே, நல்லாக் குறைஞ்சிருக்குன்னு சொன்னேன். அம்மா பக்கத்துல நிக்கா, கண்ணுல தண்ணி. நாளைக்கு வீட்டுக்குப் போயித் தனியாச் சொல்லிக்கிடலாம்னு நினைச்சேன். மறுநாள் ஞாயித்துக்கிழமை. அதுக்கு மறுநாள் லேப்ல கூட்டம். அதுக்கப்புறம் சொல்ல முடியல, ஏன் அன்னைக்கே சொல்லலன்னு கேப்பானேன்னு. ரெண்டே மாசத்துல குதிகால்ல புண்ணு. முழங்காலுக்குக் கீழ எடுத்தாவ. கம்பம் ஏறுதவன். ஒன்றரை வருசம் கட்டில்ல கெடந்து போய்ச் சேந்தான். கடைசி வரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. என் விசுவாசத்துலதான் ஏதோ குறை இருந்திருக்குன்னு சொல்லிச் சொல்லிச் செத்தான். உன் விசுவாசத்துல ஒரு குறையும் இல்லண்ணே, நான் நம்பரை மாத்திச் சொன்னேன்னு அப்பவாவது சொல்லியிருக்கலாம். பதினாலு வருசமாச்சு. யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரருக்கே தெரியாது.

மத்தியானம் ஐயர்கிட்ட போனேன். போகாம இல்ல. சாப்பிட்டு முடிச்சு மாத்திரை டப்பாவைத் தட்டிக்கிட்டு இருந்தாவ. திங்கள் செவ்வாய்னு ஏழு அறை போட்ட டப்பா, பிரஷருக்கு, ஐயரம்மா நெரப்பிக் குடுத்து விட்டது. புதன் அறை திறக்க மாட்டேங்குன்னு எங்கிட்ட நீட்டினாவ, நான் நகத்தால திறந்து குடுத்தேன். ஐயரே, அந்தம்மா சுகர் இறங்கித்தான் விழுந்துச்சு, நான் சீனி வச்சேன், அதுலதான் முழிச்சுதுன்னேன். தெரியும்மா, பாத்தேன்னாவ. பாத்திருக்காவ. எனக்கு அது அதிசயமா இருந்துச்சு. கர்த்தர் உன் கைய உபயோகிச்சாரு, சீனிய உபயோகிச்சாரு, அதுல என்ன சந்தேகம்? அதப் போயி அந்தப் பிள்ளைங்க முன்னால பிரிச்சுப் பேசி அவுக விசுவாசத்த எதுக்குக் கெடுக்கணும்னாவ. மாத்திரைய நிப்பாட்டிருவாவ ஐயரேன்னேன். அப்படியெல்லாம் செய்ய மாட்டாவம்மா, வேணும்னா நீ தனியாப் போயி ஒரு வார்த்தை சொல்லிருன்னு சொல்லிட்டு மாத்திரைய வாயில போட்டுத் தண்ணி குடிச்சாவ. மாத்திரை போடாம வாங்கன்னு சொல்ல மறந்தது நான்தான்னு அவர்கிட்ட சொல்லல. அதச் சொல்லத்தான் போனேன். வாய் வரைக்கும் வந்துச்சு. மனுசன் சந்தோசமா இருக்காரு, எதுக்குன்னு விட்டுட்டேன். பொய். அவருக்காக விடல. மிஷன் ஆஸ்பத்திரி சீனியர் டெக்னீசியன் இப்படிச் செஞ்சுட்டாளாம்னு ஊர்ல பேசுவாவளேன்னு விட்டேன்.

மூணு மணிக்கு மருதாயியைப் பாக்க மேல் லயத்துக்கு ஏறினேன். தனியாச் சொல்லிரணும்னு நல்ல தீர்மானத்தோடதான் ஏறினேன். தேயிலைக்கு நடுவுல செங்குத்தா ஒரு ஒத்தையடிப் பாதை, செருப்பு வழுக்குது, ரெண்டு இடத்துல உக்காந்து ஏறினேன். லயம்னா தோட்டத்து ஆளுங்க இருக்குத வரிசை வீடு, ஒரே நீளத்துக்கு இருபது வாசல், அஞ்சாவது வாசல் மருதாயி வீடு. நெத்தியில கயித்துத் தழும்பு இருக்கு அவளுக்கு, நாப்பது வருசம் கொழுந்துக் கூடைக் கயித்தத் தலையில போட்டது. மயக்கம் போட்டு விழுந்தவ படுத்திருப்பான்னு பாத்தா, வாசல்ல உக்காந்து நாலு பேருக்கு நடுவுல சிரிச்சுக்கிட்டு இருக்கா. மருமக சுலோச்சனா எனக்கு முக்காலி போட்டா. அத்தை இப்படிச் சிரிச்சு ஆறு வருசமாச்சுங்க மிஸ்ஸி, மாமா போனதுல இருந்து வாயே திறக்கிறதில்லைங்கன்னா. மருதாயி என் கையப் பிடிச்சுக்கிட்டா. ஒடம்பெல்லாம் லேசா இருக்குங்க மிஸ்ஸி, மாசாமாசம் அந்தக் கிளினிக்குக்கு ரெண்டு பஸ் மாறிப் போய் வரிசையில நிக்கிறது, அங்க அந்தப் பொண்ணு திட்டுறது, இனி ஒண்ணும் வேணாமுல்லங்க? இனி ஒண்ணும் வேணாமுல்ல. அதுதான் கேள்வி. நேராக் கேட்டுட்டா. வேணும்க்கான்னு சொல்லியிருந்தா முடிஞ்சுது. ஒரு வார்த்தை. அதுக்குள்ள சுலோச்சனா டீயக் கொண்டாந்து, என் உள்ளங்கையில சீனியக் கொட்டினா. அந்த நாப்பத்தொண்ணு எழுதின கையில. நான் ஒரு நக்கு நக்கி, ஒரு மடக்குக் குடிச்சேன். நல்ல டீ அக்கான்னு சொன்னேன். அதத்தான் சொன்னேன். சாயங்காலம் பாப்போம்னு சொல்லிட்டு இறங்கி வந்துட்டேன். வழியெல்லாம் என்னையே ஏசிக்கிட்டு வந்தேன். இருநூத்துப் பத்து அண்ணே, நல்ல டீ அக்கா. ரெண்டும் ஒண்ணுதான், ஒரே வாய்.

மணி அடிக்குது. நோட்ட மூடல, கக்கத்துல இடுக்கிக்கிட்டு உள்ள போறேன். எங்க ஒம்பது பேருக்கும் முன்னால பெஞ்சு, நான் ஓரத்துல. கோயில் நெறைஞ்சு போச்சு, காலையில வராத ஆளெல்லாம் வந்திருக்காவ, வேட்டியக் கட்டிக்கிட்டு வாசல்ல கொஞ்ச பேரு நிக்காவ. ஈரக் கம்பளி வாசனை. பாட்டுப் பாடுதோம்.  ஆரம்பிக்குததுக்கு முன்னயே எழுந்திருச்சிருக்கலாம், பாட்டு முடிஞ்சதும் எழுந்திருவோம், இல்ல, ஜெபம் முடியட்டும். ஜெபமும் முடிஞ்சுது. ஐயர் மருதாயியைக் கூப்பிட்டாவ. நல்ல சேலை கட்டியிருக்கா, மஞ்சள்ல பச்சைக் கரை, மடிப்புக் கலையாத சேலை. பேசத் தெரியாதுங்கன்னு ஆரம்பிச்சா. ஆனா நல்லாப் பேசுதா. விழுந்தது, கண்ணு இருட்டினது, யாரோ வாய்க்குள்ள இனிப்பா எதையோ வச்ச மாதிரி இருந்தது, முழிச்சுப் பாத்தா ஐயாவோட கை தலையில. இனிப்பா வச்சதுன்னதும் எனக்கு மட்டும் சுருக்குன்னுது. அவளுக்குத் தெரிஞ்சிருக்கு, அது விரல்னு தெரியல, அம்புட்டுதான். அழுதுக்கிட்டே முடிச்சா. அப்ப உபதேசியார் காணிக்கைப் பையோட வந்தாரு, சிவப்பு வெல்வெட் பை. காசு இல்லைங்க, இதத்தான் கொண்டாந்தேன்னு சொல்லி மருதாயி இடுப்புல இருந்து வெள்ளைக் காகித உறை ஒண்ண எடுத்து உள்ள போட்டா. இங்க கிளினிக்ல மாத்திரைய அந்த மாதிரி உறையிலதான் எண்ணிக் குடுப்பாவ. இனி இது எனக்கு வேணாமுங்கன்னா. கோயில் முழுக்க ஸ்தோத்திரம். நான் ஐயரைப் பாத்தேன். ஐயர் ஸ்தோத்திரம் சொல்லல. வாய் பாதி திறந்தபடி அந்தப் பையவே பாத்துக்கிட்டு நிக்காவ. செய்ய மாட்டாவம்மான்னு சொன்ன மனுசன். என்னைத் திரும்பிப் பாத்தாவ. பை எங்க பெஞ்சுக்கு வந்துருச்சு. ஒவ்வொருத்தரா ரூவா நோட்ட மடிச்சுப் போடுதாவ, எட்டுப் பேரைத் தாண்டி எங்கிட்ட வருது. என் கை உள்ள போச்சு. காணிக்கை போடத்தான் போகுதுன்னு எல்லாரும் நினைச்சிருப்பாவ, நானும் அப்படித்தான் நினைச்சேன். காகிதம் விரல்ல பட்டுது. பிடிச்சு வெளிய எடுத்தேன். காணிக்கைப் பையில கைய விட்டு எடுக்குதவளை எவரும் பாத்திருக்க மாட்டாவ. உபதேசியார் மிஸ்ஸின்னாரு, மெதுவா. நான் எழுந்திருச்சுட்டேன்.

மருதாயக்கா, உங்களுக்குச் சொகமாகலன்னு சொன்னேன். என் குரலே எனக்கு யாரோ பேசுத மாதிரி கேக்குது. நீங்க விழுந்தது என்னால. மாத்திரை போடாம வாங்கன்னு நான் சொல்லியிருக்கணும், சொல்லல. மாத்திரையப் போட்டுட்டுத் திங்காம இருந்தா சீனி ஒரேயடியா இறங்கிரும். நாப்பத்தொண்ணுக்கு வந்துட்டீங்க. அப்ப வாயில இனிப்பா வச்சது நான்தான், சீனி. அது ஏறித்தான் தொண்ணூத்தாறு. இத நிப்பாட்டினா மறுபடியும் முன்னூறு நானூறுன்னு போகும்.  கூரையில சொட்டுதது மட்டும் கேக்குது. மருதாயி என்னையே பாத்துக்கிட்டு நின்னா. அழுத மூஞ்சி அப்படியே இருக்கு, அதுக்குள்ள வேற ஒண்ணு வருது. நீங்களும்தானே மிஸ்ஸி அல்லேலூயா சொன்னீங்கன்னு கேட்டா. சொன்னேன்க்கா. வீட்டுக்கு வந்து டீ குடிச்சீங்களே, நான் கேட்டேனே, அப்பவும் சொல்லலியே? சொல்லல. தைரியம் இல்ல. எங்க அண்ணன்கிட்டயும் இப்படித்தான் சொல்லாம விட்டேன், அவன் காலை எடுத்து, செத்துப் போனான். அத இங்க வந்து, இத்தனை பேரு முன்னால, யாரையும் தெரியாத ஊர்ல சொன்னேன். அம்மாகிட்ட சொல்லல, வீட்டுக்காரர்கிட்ட சொல்லல, இங்க சொன்னேன். உறைய நீட்டிக்கிட்டு நிக்கேன். அவ வாங்கல. கை வலிக்குது. சுலோச்சனா பின்னாலேருந்து அத்தேன்னா, அதுக்கும் திரும்பல. அப்பதான் ஐயர் பீடத்துல இருந்து இறங்கி வந்தாவ. இத எங்கிட்ட காலையிலயே முழுசாச் சொல்லியிருக்கலாம்லா சுகிர்தம்னு எனக்கு மட்டும் கேக்குத மாதிரி சொன்னாவ. கோவம் இருந்துச்சு அதுல, இருக்கட்டும், நியாயம்தான். பிறகு மருதாயி பக்கம் திரும்பி, அம்மா, நானும் பத்து வருசமா மாத்திரை போடுதேன், இன்னைக்கு மத்தியானம்கூடப் போட்டேன்னாவ. அம்புட்டுதான் சொன்னாவ. வசனம் ஒண்ணும் சொல்லல. 

மருதாயி பெஞ்சுல உக்காந்துட்டா. சேலை முந்தானைய எடுத்து மூஞ்சியத் துடைச்சா, நிதானமா, கண்ணு, மூக்கு, கழுத்துன்னு. ரெண்டு பஸ் மாறிப் போகணும்னா, என்னைப் பாத்துச் சொன்னாளா, தரையப் பாத்துச் சொன்னாளான்னு தெரியல. ஆமாக்கான்னேன்.  சந்தோசமா இருந்தவளை உக்கார வச்சுட்டேன், அது எனக்கு வலிக்குது, நல்லாவே வலிக்குது, ஆனா நிக்க முடியுது. பிறகு கைய நீட்டினா. உறைய வாங்கி, மடிப்பத் திறந்து, உள்ள எட்டிப் பாத்தா, எல்லாம் இருக்கான்னு பாக்குத மாதிரி. இப்பவே ஒண்ணு போட்டுக்கவா மிஸ்ஸின்னு கேட்டா. பின்னால பெஞ்சுல இருபத்தோரு பேரு கழுத்த நீட்டிப் பாக்காவ, எல்லாரும் என் நோட்டுல இருக்குதவங்க, நான் பேர் தெரிஞ்சு வச்சிருக்குதவங்க. யாரும் போட்டோவுக்குக் கூப்பிடல. இப்ப வேண்டாம்க்கா, சோறு தின்னுட்டுப் போடுங்கன்னேன். அவளுக்குச் சொல்லிட்டு, நிமிந்து, எல்லாருக்கும் கேக்குத மாதிரி மறுபடியும் சொன்னேன். ரத்தம் எடுக்குத அன்னைக்கு மட்டும் வெறும் வயித்துல வாங்க, மாத்திரையும் போடாம வாங்க, எடுத்தப்புறம் சாப்பிட்டுட்டு மாத்திரை போடுங்க. மத்த நாள் எதுக்கும் நிப்பாட்டாதீங்க, யாரு சொன்னாலும் நிப்பாட்டாதீங்க, நான் சொன்னாலும்.